தடிப்பு நோட்டில் இரண்டாவது கையெழுத்து

சாயப் பட்டறையில் அவளுக்கு 'அரைஷேடு' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. தொட்டியிலிருந்து ஏறி, காய்ந்து, மடித்து, முதலாளியே தடவிப் பார்த்து "பிரமாதம்" என்று சொல்லிவிட்ட துணியாகவே இருக்கட்டும், அவள் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்து, "அரை ஷேடு கூட" என்பாள். இல்லாவிட்டால் "அரை ஷேடு கம்மி" என்பாள். சரி என்று அவள் சொல்லி யாரும் லேசில் கேட்டதில்லை. ஆரம்பத்தில் முதலாளி சண்டைக்கு வந்தார். அவள் வேண்டாம் என்று சொல்லியும் ஏற்றி அனுப்பிய இரண்டு லாரிகள், போன வேகத்திலேயே திரும்பி வந்தன. அதற்குப் பிறகு அவர் அவளிடம் வாய் கொடுப்பதில்லை.

ஷேடு பார்ப்பது என்றால் வாங்குகிறவன் அனுப்பிய துண்டுத் துணியையும் இங்கே சாயம் போட்ட துணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒன்றா வேறா என்று சொல்வது. கேட்டால் சின்ன வேலை. செய்தால் கண் பூத்துப்போகும். அதற்கு இரண்டு சட்டங்கள் உண்டு. முதல் சட்டம்: ஈரத்தில் பார்க்கக் கூடாது, சாயங்காலக் குழல்விளக்கில் நம்பக் கூடாது. துணி நன்றாகக் காய்ந்த பிறகு, காலை வெளிச்சத்தில், வடக்கு ஜன்னல் ஓரம் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டாம் சட்டம்: ஒரு கண் போதாது. பதிவு நோட்டில் ஒட்டிய துண்டுக்குக் கீழே இரண்டு கட்டம் இருக்கும். பார்த்தவர் முதல் கட்டத்தில் கையெழுத்துப் போடுவார். இன்னொருவர் தனியாகப் பார்த்துவிட்டு இரண்டாவது கட்டத்தில் போடுவார். இரண்டும் விழுந்தால்தான் துணி வாசலைத் தாண்டும்.

அந்த இரண்டாவது கட்டத்தில் பதினாறு வருஷமாகக் கையெழுத்துப் போட்டு வந்தவள் அவளுடைய அக்கா.

அக்காதான் அவளை வளர்த்தாள், அந்த வேலைக்கும் சேர்த்துவிட்டாள். எட்டு வயது மூத்தவள், பட்டறையில் சாயம் சோதிக்கும் லேபுக்கு மேலாளர். பெற்றவர்கள் போன பிறகு இருவரும் மாடியில் இரண்டு அறை எடுத்துக் குடியிருந்தார்கள். அக்காவுக்குக் கல்யாணம் ஒன்று நடந்து, ஒரு வருஷத்தில் முடிந்துபோயிருந்தது. தங்கை அந்தப் பக்கமே போகவில்லை. ஒருத்திக்கு ஒருத்தி என்று இருந்தார்கள்.

நாலு வருஷத்துக்கு முன்னால், ஒரு நாள் சாயங்காலம் ஆறரை மணிக்கு அவளுக்குக் குளிர் எடுத்தது. பல் கிட்டித்து ஆடியது. தொண்டையில் முள் மாட்டியதுபோல் வலி, மணிக்கட்டிலும் முட்டியிலும் குடைச்சல். கை, வயிறு, முதுகு எங்கும் திட்டுத் திட்டாகத் தடிப்பு. பத்து மணிக்கு வியர்த்துக் கொட்டிக் காய்ச்சல் இறங்கியது. காலையில் எழுந்து பார்த்தால் உடம்பு கழுவிவிட்ட பலகைபோல் இருந்தது, ஒரு திட்டு இல்லை. மறுநாள் சாயங்காலம் ஆறரைக்கு எல்லாம் திரும்ப வந்தது. வாடகை கேட்டு வருகிறவர்கூட அப்படி மணி தவறாமல் வந்ததில்லை.

அக்கா ஈரத்துணியை முக்கிப் பிழிந்து அவள் முதுகில் போட்டாள். "என்னடி இது, ரோஸ் கலர்ல பூத்திருக்கு?"

அவ்வளவு காய்ச்சலிலும் தொழில் புத்தி போகவில்லை. "ரோஸ் இல்லக்கா. ரோஸுக்கும் ஆரஞ்சுக்கும் நடுவுல. ஷேடு கார்டுல சால்மன்னு இருக்கும் பாரு, அது. அரை ஷேடு கம்மி."

அக்கா சிரித்துவிட்டாள். "அப்ப சாம்பிள் வெட்டி ஒட்டிடு."

"ஒட்டுறேன். ரெண்டாவது கையெழுத்து நீ போடணும்."

விளையாட்டாக ஆரம்பித்ததுதான். மறுநாள் பட்டறையிலிருந்து வெட்டுத் துண்டுகள் கொஞ்சம் கொண்டு வந்தாள். சாயங்காலம் தடிப்புக்கு மேலே ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, பொருந்தியதை ஒரு பழைய நோட்டில் ஒட்டினாள். கீழே தேதி, மணி, காய்ச்சல் எவ்வளவு, எந்த மூட்டு வலி என்று எழுதி முதல் கட்டத்தில் கையெழுத்துப் போட்டாள். அக்கா தடிப்பையும் துண்டையும் குனிந்து பார்த்து, பட்டறையில் போடுவதுபோலவே கோணல் மாணலாக இரண்டாவது கட்டத்தில் போட்டாள். இப்படிப் பதினோரு சாயங்காலம்.

பன்னிரண்டாம் நாள் தோல் டாக்டரிடம் போனார்கள். காலை ஒன்பதரைக்குப் போனார்கள். வேறு எப்போது போவாள்? நிறம் காட்டுவதென்றால் காலை வெளிச்சத்தில்தான் என்று அவள் ரத்தத்தில் ஊறியிருந்தது. சாயங்காலம் குழல்விளக்கின் கீழே, வியர்த்த உடம்பை ஒரு டாக்டருக்குக் காட்டுவது ஈரத் துணியை வாங்குகிறவனுக்கு நீட்டுகிற மாதிரி. அந்த ஈனத்தனத்தை அவள் செய்ய மாட்டாள். அதனால் குளித்து, துவட்டி, சுத்தமாகப் போய் உட்கார்ந்தாள். டாக்டர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். பார்க்க ஒன்றும் இல்லை. நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம் கதைதான். சாயப் பட்டறை வேலை என்றதும் அவர் முகம் கொஞ்சம் மாறியது. ஒவ்வாமைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து, பத்து நாள் கழித்து வரச் சொன்னார்.

மாத்திரையைத் தடிப்பு மதிக்கவே இல்லை. இரண்டாவது முறை போனபோது டாக்டர் அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அக்காவை மட்டும் உள்ளே கூப்பிட்டார். இரண்டு நிமிஷம் இருக்கும். அக்கா வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டே, "வேற மாத்திரை குடுத்திருக்காரு, வா" என்றாள். டாக்டர் எழுதிய தாள்கள் இருந்த கோப்பைத் தன் பையில் வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து கோப்பு அக்காவிடம்தான் இருந்தது. நோட்டில் கையெழுத்துப் போடுவதையும் நிறுத்திவிட்டாள். "நோயைக் கணக்கெழுதி வச்சா நோய் கூடுமே தவிர குறையாதுடி" என்றாள். அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். தங்கை மட்டும், டாக்டர் யாரிடமும் காட்டாமல், தன் பாட்டுக்கு ஒட்டிக்கொண்டிருந்தாள். பழக்கதோஷம்.

வந்தது போலவே அது தானாகப் போகவும் செய்தது. இரண்டு மாதம் படுத்தும், ஒரு மாதம் காணாமல் போகும். 'ஒழிந்தது சனியன்' என்று நினைக்கும்போது, ஒரு சாயங்காலம் ஆறரைக்குப் பல் கிட்டிக்கும். நாலு வருஷத்தில் ஐந்து டாக்டர்கள். எல்லாரிடமும் காலையில்தான் போனாள், எல்லாரும் ஒரே மாதிரி நடந்துகொண்டார்கள். முதலில் அக்கறையாகக் கேட்பார்கள். அக்கா பையிலிருந்து கோப்பை எடுத்து நீட்டுவாள். இரண்டாவது தாளில் கண் நிற்கும். அதற்குப் பிறகு குரல் குழைந்துவிடும், சின்னப் பிள்ளையிடம் பேசுகிற மாதிரி. "நல்லாத் தூங்குறீங்களா? வீட்ல ஏதாவது கவலையா?" மூன்றாவது டாக்டர் மனசுக்கு மாத்திரை கொடுத்தார்.

அந்த மாத்திரை அவளைப் பகலெல்லாம் தூங்க வைத்தது. கண் மங்கி ஒரு நீலத்தைச் சரி என்று விட்டுவிட்டாள்; அவள் கண்ணை நம்பி அக்காவும் இரண்டாவது கட்டத்தில் போட்டுவிட்டாள். லாரி திரும்பி வந்தது. பட்டறையில் அவள் கண் தவறியது அதுதான் முதல் தடவை. இதற்காகவே காத்திருந்தவர்கள்போல் பேச ஆரம்பித்தார்கள். "தன் தோல்லயே இல்லாத கலர் தெரியுதாம், துணியில என்னத்தத் தெரியப் போகுது?" என்று தொட்டி ஓட்டுகிறவர் ஒரு நாள் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். தோலில் தடிப்பு என்று அவள் சொல்வதும், அது இல்லை என்று டாக்டர்கள் சொல்வதும் இவர்களுக்கு எப்படித் தெரியும் என்று அன்றைக்கு அவள் யோசிக்கவில்லை.

அவளுக்கு வலியைவிட அதுதான் வலித்தது. அவளிடம் அழகு இல்லை, படிப்பு இல்லை, சேர்த்து வைத்தது ஒன்றும் இல்லை. கண் ஒன்றுதான் இருந்தது. அது சொன்னால் நாலு பேர் நம்புவார்கள். அந்த நம்பிக்கையும் போனால் அவள் யார்? கடைசியில் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. காய்ச்சலில் குப்புறப் படுத்துக்கொண்டு, "அக்கா, நெசமாவே இருக்குதானே?" என்று கேட்பாள். முதுகில் ஈரத்துணி போட்டுக்கொண்டே அக்கா சொல்வாள், "இருக்கு, இருக்கு. நீ தூங்கு."

வலது மணிக்கட்டு இறுகிக்கொண்டே வந்தது. கத்தரிக்கோல் பிடிக்க முடியாமல் போனதும் எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, மூட்டு நோய் பார்க்கும் ஒரு அம்மாவிடம் அனுப்பினார். அந்த மூட்டு டாக்டர் சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டு வரைக்கும் மட்டும்தான் பார்ப்பார். குறித்த நாளில் பட்டறைக்கு வாங்குகிறவர்கள் சோதனைக்கு வந்திருந்தார்கள். அக்காவால் நகர முடியவில்லை. "வேற நாள் போலாமே" என்றாள். அலமாரியில் இருந்த கோப்பையும் தலையணைக்குக் கீழே இருந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு அவள் தனியாகப் போனாள்.

பதினேழாம் எண் சீட்டு. பச்சை நிற நாற்காலிகள், சுவரில் முதுகெலும்புப் படம், தலைக்கு மேலே ஒரு குழல்விளக்கு. பதினாலாம் எண் உள்ளே போகும்போது மணி ஆறரை. அவளுக்குக் குளிர் எடுத்தது. கழுத்தில் சூடு ஊர்வது தெரிந்தது. வெட்கமாகப் போய்விட்டது. எழுந்து வாசலில் சீட்டு கொடுக்கும் பெண்ணிடம், "நான் காலைல வரட்டுமா?" என்று கேட்டாள்.

"காலைல டாக்டர் இல்லம்மா. இப்ப விட்டா அடுத்த வாரம்தான்."

உட்கார்ந்தாள். சட்டத்தை மீறி, ஈரத்தோடு, குழல்விளக்கில், தன்னைக் காட்ட முதல் தடவையாக உள்ளே போனாள்.

மூட்டு டாக்டர் கோப்பை ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். இரண்டாவது தாளில் அவர் கண்ணும் நின்றது. ஆனால் அவர் குரல் குழையவில்லை. "உங்ககூட யார் இருக்காங்க வீட்ல?"

"எங்க அக்கா. நாங்க ரெண்டு பேருதான்."

"அவங்க தடிப்பைப் பாத்ததே இல்லையா?"

"தினமும் பாப்பாங்களே. ஈரத்துணி போட்டு விடுறதே அவங்கதான்."

டாக்டர் தாளை அவள் பக்கம் திருப்பினார். இங்கிலீஷ் கிறுக்கல், அவளுக்குப் படிக்க வரவில்லை. டாக்டரே வரிக்கு வரி தமிழில் சொன்னார். "கூட வசிக்கும் அக்காவைத் தனியே விசாரித்தேன். உடம்பில் தடிப்பு எதையும், எந்த நேரத்திலும், தான் பார்த்ததில்லை என்கிறார். தங்கை தானே சொறிந்துகொள்வதாகவும், மனக் குழப்பம் இருப்பதாகவும் சொல்கிறார்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. வேறு யாருடைய கோப்போ என்று மேலே இருந்த பெயரைப் பார்த்தாள். சம்பளச் சீட்டில் இருக்கும் அதே பெயர். தேதியைப் பார்த்தாள். அந்த இரண்டு நிமிஷம். நாலு வருஷமாக அக்கா ஒவ்வொரு டாக்டரிடமும் தன் கையாலேயே எடுத்து நீட்டியது இந்தத் தாளைத்தான். வேலியே பயிரை மேய்ந்தது என்று எத்தனையோ பேரைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். தன் வேலியை அவள் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

"கையை நீட்டுங்க" என்றார் டாக்டர். முழங்கை வரை சட்டைக் கையை ஏற்றினார். அங்கே அது இருந்தது, திட்டுத் திட்டாக, பளிச்சென்று, நாலு வருஷம் கழித்து ஒரு டாக்டரின் கண்ணுக்கு முன்னால். டாக்டர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து முதுகையும் வயிற்றையும் பார்த்தார்.

"அரிக்குதா?"

"இல்ல. எப்பவுமே அரிச்சதில்ல."

பேனாவின் மூடியால் கையில் மெதுவாக ஒரு கோடு இழுத்தார். கொஞ்ச நேரத்தில் அந்தக் கோடும் அதே நிறத்தில் எழுந்து வந்தது. டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டார். அவள் நோட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். டாக்டர் புரட்டப் புரட்ட வேகம் குறைந்தது. நூற்றுக்கணக்கான சின்னத் துண்டுகள், எல்லாம் ஒரே நிறம். ஒவ்வொன்றுக்கும் கீழே ஆறரை, ஆறே முக்கால், ஆறரை.

"இந்தக் கலருக்கு என்ன பேரு சொல்வீங்க?"

"சால்மன். அரை ஷேடு கம்மி."

"எங்க புத்தகத்துலயும் அதே பேர்தான்மா போட்டிருக்கு." முதல் பக்கத்துக்குத் திரும்பினார். "இந்த ரெண்டாவது கையெழுத்து யாரோடது? பதினோரு நாள் இருக்கு."

"எங்க அக்காவோடது" என்றாள். அப்போதுதான் அழுதாள். காய்ச்சல் அழுகையா மற்றதா என்று டாக்டர் கேட்கவில்லை.

அன்றைக்கே மருத்துவமனையில் சேர்த்துக்கொண்டார்கள். ரத்தத்தில் இரும்பைச் சேர்த்து வைக்கும் ஒரு பொருள் உண்டாம். ஃபெரிட்டின் என்றார்கள். நூறு இருநூறு இருக்க வேண்டியது ஒன்பதாயிரம் இருந்தது. லேபில் இருந்தவர் இயந்திரம் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து இரண்டாவது தடவை போட்டுப் பார்த்தார். பத்து நாள் கிருமி இருக்கிறதா, ரத்தப் புற்றா, கட்டியா என்று ஒவ்வொன்றாகத் தேடி, ஒவ்வொன்றாக இல்லை என்று தள்ளினார்கள். இந்த நோயைக் கண்டுபிடிக்க வேறு வழி இல்லையாம். மற்றது எல்லாம் இல்லை என்று ஆன பிறகுதான் இது என்று சொல்ல முடியுமாம். பதினோராம் நாள் டாக்டர் படுக்கையில் வந்து உட்கார்ந்தார். பெரியவர்களுக்கு வரும் ஸ்டில் நோய் என்றார். கள்ளன் வராமலேயே காவல்காரன் ஊரைக் கூட்டினால் எப்படி இருக்கும், அப்படி உடம்பு தன் மேலேயே எரிகிற நோய். லட்சத்தில் ஒருவருக்கோ இருவருக்கோ வரும். தொற்றாது. ஊசி போட்டால் அடங்கும்.

"சாயத்தால வந்ததா டாக்டர்?"

"இல்லம்மா. சாயத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. முதல் வருஷமே வந்திருந்தா மணிக்கட்டையும் காப்பாத்தியிருக்கலாம். எலும்பு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிருச்சு. அது இனிமே மடங்காது."

சாயங்காலம் அக்கா வெந்நீர்க் குடுவையோடு வந்தாள். பத்து நாளாக வந்துகொண்டுதான் இருந்தாள், ராத்திரி பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள். பத்து நாளும் தங்கை ஒன்றும் கேட்கவில்லை. நோய்க்குப் பெயர் தெரியட்டும் என்று வைத்திருந்தாள்.

"அக்கா, அந்தத் தோல் டாக்டர் உன்னைத் தனியாக் கூப்பிட்டாரே. என்ன சொன்ன?"

அக்கா குடுவையின் மூடியைத் திருகினாள். திருகி முடித்ததை மறுபடி திறந்தாள். "படிச்சிட்டியா?"

"டாக்டரம்மா படிச்சுச் சொன்னாங்க."

"அப்பத்தான் அடுத்த தெரு சாய யூனிட்டைப் பூட்டினாங்க. ஒரு பொண்ணுக்குக் கையில தடிப்புன்னு ஆரம்பிச்சது, கடைசி வரைக்கும் திறக்கவே இல்ல. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வாங்குறவங்களுக்கு ஒரு தாள் போகும் தெரியும்ல, இங்க யாருக்கும் தோல்ல கோளாறு இல்லைன்னு? அந்த வாரம்தான் அதுல நான் கையெழுத்துப் போட்டிருந்தேன். டாக்டர் கேட்ட முதல் கேள்வியே சாயத்துல கை வைக்கிறாங்களான்னுதான். இருநூறு பேர் வேலைடி. வாயில அப்படி வந்துருச்சு."

"பட்டறையில என்ன சொன்ன?"

அக்கா மூடியைக் கையில் உருட்டினாள். "முதலாளி கேட்டாரு. உனக்கு மனசுதான் சரியில்லன்னு சொல்லி வச்சேன்."

"நாலு வருஷம்க்கா."

"ஒரு தடவை சொன்னதை அப்புறம் எப்படி மாத்துறது? உன்னை நான் பாக்காம விட்டேனா? ஒரு நாளாவது ஈரத்துணி போடாம இருந்தேனா?"

அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. ஒரு நாள்கூடத் தவறாமல் அந்த முதுகைப் பார்த்திருக்கிறாள். பார்த்த கையோடு காலையில் கோப்பைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறாள். எதிரி என்றால் ஒரு தடவை குத்திவிட்டுப் போவான். வெறுக்கவும் சுலபம். இவளை எப்படி வெறுப்பது? இவள் கையால் சாப்பிட்ட உடம்பு.

"சாயத்தால வந்ததில்லையாம்" என்றாள் தங்கை. "நீ நெசத்தைச் சொல்லியிருந்தாலும் பட்டறைக்கு ஒண்ணும் ஆகியிருக்காது."

குடுவை மூடி அக்காவின் கையிலிருந்து நழுவிக் கட்டிலுக்கு அடியில் உருண்டது. அவள் அதை எடுக்கக் குனியவில்லை.

ஊசி ஆரம்பித்த மூன்றாம் நாளே காய்ச்சல் வரவில்லை. வீட்டுக்கு வந்தும் வரவில்லை. மணிக்கட்டைப் பட்டியில் போட்டுக்கொண்டு பட்டறைக்கும் போனாள். முதலாளி, "கண்ணு இருக்குல்ல, கை கிடக்கட்டும்" என்றார். இரண்டாவது கட்டத்துக்கு வேறு ஆள் வேண்டும் என்று அவள் கேட்டாள். ஏன் என்று அவர் கேட்டதற்கு, "ஒரே வீட்டுக் கண்ணு ரெண்டு வேணாம்" என்றாள். சிரித்தவர்களில் ஒருவரான தொட்டி ஓட்டுகிறவரையே போட்டார்கள். அவர் அரை ஷேடு வித்தியாசத்தைத் தவறவிடுகிறவர்தான், ஆனால் தெரியாததைத் தெரியாது என்று சொல்வார்.

அக்காவும் தங்கையும் அதே மாடியில்தான் இருந்தார்கள். வேறு எங்கே போவார்கள்? கதவு திறந்தது, விளக்கு எரிந்தது, ஒருத்தி வைத்ததை இன்னொருத்தி சாப்பிட்டாள். தேவைக்குப் பேசிக்கொண்டார்கள்.

முப்பது நாள் தடிப்பில்லாமல் முடிந்த சாயங்காலம், ஆறரைக்கு, அவள் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கையை விளக்கின் கீழே நீட்டி, துண்டுகளை இடது கையால் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். சால்மன் துண்டுகளை எல்லாம் தள்ளிவிட்டு, வெறும் பழுப்பு ஒன்றை எடுத்தாள். அரை ஷேடு கூடவும் இல்லை, கம்மியும் இல்லை. தன் சொந்தத் தோலின் நிறத்தை அவள் ஒட்டியது அதுதான் முதல் தடவை. தேதி, மணி எழுதினாள். காய்ச்சல் இல்லை என்று எழுதினாள். மடங்காத கையால் முதல் கட்டத்தில் கையெழுத்துப் போட்டாள். அது அவள் கையெழுத்து மாதிரியே இல்லை.

அக்கா எப்போது வந்து பின்னால் நின்றாள் என்று தெரியவில்லை. குனிந்து கையைப் பார்த்தாள், துண்டைப் பார்த்தாள். மேஜையிலிருந்த பேனாவை எடுத்தாள்.

தங்கை இரண்டாவது கட்டத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள்.

"நான் பாத்தேன்டி" என்றாள் அக்கா.

"தெரியும். எப்பவுமே நீ பாத்துட்டுத்தான் இருந்த."

கையை அவள் எடுக்கவில்லை. பேனாவைப் பிடித்தபடி அக்கா அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.